ஒரு நாளில் சோப்பு சொல்லித் தருபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

ஈரோட்டில் சோப்பும் அழகுசாதனப் பொருட்களும் செய்வதற்கான சாமான்கள் விற்கிற சின்னக் கடை என்னுடையது. எண்ணெய் வகைகள், எண்ணெயைச் சோப்பாக மாற்றுகிற காஸ்டிக் சோடா, உருக்கி அச்சில் ஊற்றுகிற சோப்பு பேஸ், ஷியா பட்டர், வாசனை எண்ணெய், நிறத்துக்கான மைக்கா, சிலிக்கான் மோல்டு எல்லாம் சில்லறையில் கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை உங்கள் வகுப்பு முடிந்தால், திங்கட்கிழமை காலையில் உங்களிடம் படித்தவர்கள் நீங்கள் கொடுத்த ஜெராக்ஸ் தாளோடு என் கடைக்கு வந்துவிடுவார்கள். என் வியாபாரத்தில் பெரும்பங்கு உங்களால் நடக்கிறது. அந்த நன்றி மனதில் இருக்கிறது. இருந்தாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சில மாதங்களுக்கு முன்னால் ஒரு பெண் கடைக்கு வந்தார். வலது மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. வகுப்பில் சொன்னபடிதான் செய்தேன் என்றார். காஸ்டிக் சோடாவை வீட்டில் இருந்த அலுமினியச் சட்டியில் கரைத்திருக்கிறார். அது நுரைத்துப் பொங்கிக் கையில் வழிந்துவிட்டது. "உடனே எலுமிச்சம்பழம் பிழிஞ்சு விட்டேனுங்க அக்கா, அப்படித்தானே சொல்லிக் கொடுத்தாங்க" என்றார். எனக்குப் பேச்சே வரவில்லை. அலுமினியத்தோடு காஸ்டிக் சேர்ந்தால் ஹைட்ரஜன் வாயு கிளம்பும், சூடு ஏறும், கலவை பொங்கும். எவர்சில்வர் பாத்திரமோ, சூடு தாங்குகிற பிளாஸ்டிக்கோதான் இதற்கு ஆகும். தண்ணீரில்தான் காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், காஸ்டிக்கின் மேல் தண்ணீரை ஊற்றவே கூடாது. கையில் பட்டால் எலுமிச்சையும் வேண்டாம், வினிகரும் வேண்டாம். குழாயைத் திறந்துவிட்டு, ஓடுகிற தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் கையைக் காட்ட வேண்டும். கண்ணில் பட்டாலும் அதேபோல் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். இதைச் சொல்ல வகுப்பில் ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடம் அந்தப் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை.

அவர் கொண்டு வந்த தாளில் 400 கிராம் தேங்காய் எண்ணெய்க்கு 'காஸ்டிக் 5 ஸ்பூன்' என்று எழுதியிருந்தது. கடைத் தராசில் ஒரே ஸ்பூனால் மூன்று தடவை அள்ளி வைத்துக் காட்டினேன். தலை தட்டி அள்ளியது 11 கிராம், சாதாரணமாக அள்ளியது 14, குவித்து அள்ளியது 17. அப்படியென்றால் 5 ஸ்பூன் என்பது 55 கிராமாகவும் இருக்கலாம், 85 கிராமாகவும் இருக்கலாம். 400 கிராம் தேங்காய் எண்ணெய் முழுவதும் சோப்பாக மாற 73 கிராம் காஸ்டிக் வேண்டும். தோலுக்கு இதமாக இருக்க ஐந்து சதவீதம் குறைத்துப் போட்டால் 70 கிராமுக்குக் கிட்டே வரும். 55 போட்டால் எண்ணெய் பிசுக்கு நிற்கும். 85 போட்டால் குளிப்பவர் தோல் எரியும். சமையலில் உப்பைக் கண் அளவாகப் போடலாம், கூடினால் நாக்கு சொல்லிவிடும். இதில் கூடிப்போனதை அடுத்தவர் உடம்புதான் காட்டிக் கொடுக்கும்.

எண்ணெயை மாற்றினால் காஸ்டிக் அளவும் மாறும் என்பதையும் பலர் கேள்விப்பட்டதே இல்லை. 2025இல் தேங்காய் எண்ணெய் விலை எகிறியபோது நிறையப் பேர் பாமாயிலுக்கும் நல்லெண்ணெய்க்கும் தாவினார்கள். ஒரு கிலோ தேங்காய் எண்ணெய்க்குச் சுமார் 183 கிராம் காஸ்டிக் பிடிக்கும். பாமாயிலுக்கு 141, நல்லெண்ணெய்க்கு 134, ஆமணக்கெண்ணெய்க்கு 128 என்கிற அளவில்தான் பிடிக்கும். தாளில் இருக்கிற காஸ்டிக் கணக்கை அப்படியே வைத்துக்கொண்டு எண்ணெயை மட்டும் மாற்றினால், கிலோவுக்கு 30 கிராமுக்கு மேல் காஸ்டிக் சோப்புக்குள்ளேயே தங்கிவிடும். எத்தனை வாரம் காய வைத்தாலும் அது சரியாகாது. கணக்குப் போடுவது எப்படி என்று சொல்லித் தராமல் ஒரே ஒரு செய்முறையை மட்டும் கொடுத்து அனுப்புவது, என்னைக் கேட்டால், பாதிப் பாடம்கூட இல்லை.

அப்புறம் 'கெமிக்கல் இல்லாத சோப்பு' என்கிற பேச்சு. வாரத்துக்கு நாலு பேராவது "லை இல்லாத பேஸ் குடுங்க" என்று கேட்கிறார்கள். லை என்பது தண்ணீரில் கரைத்த காஸ்டிக்தான், அது இல்லாமல் சோப்புக்கட்டி கிடையாது. உருக்கி ஊற்றுகிற பேஸில் அந்த வேலையைத் தொழிற்சாலையிலேயே முடித்து அனுப்புகிறார்கள், அவ்வளவுதான். சரியான அளவில் போட்ட காஸ்டிக், எண்ணெயோடு சேர்ந்து சோப்பாகவும் கிளிசரினாகவும் மாறிவிடும், காஸ்டிக்காக மிஞ்சாது. இந்த உண்மையைச் சொன்னால் யாரும் ஓடிவிட மாட்டார்கள். சொல்லாமல் விடுவதால்தான், வாடிக்கையாளர் கேட்கும்போது உங்கள் மாணவிகள் பதில் தெரியாமல் திணறுகிறார்கள்.

பேஸை உருக்கி அதில் பச்சைக் குப்பைமேனிச் சாறு, கற்றாழைச் சோறு கலக்கச் சொல்கிறீர்கள். பத்து நாளில் சோப்பில் கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சை பூத்து நிற்கிறது. அதைக் கவரில் போட்டுக்கொண்டு என்னிடம்தான் வருகிறார்கள், "பேஸ் சரியில்லைங்க" என்று. நிழலில் காய வைத்து அரைத்த பொடியைக் கொஞ்சமாகச் சேர்க்கலாம், அல்லது இலையை எண்ணெயில் காய்ச்சி வடிகட்டிக் காஸ்டிக் முறையில் செய்யலாம். மஞ்சள் கதையும் இதுபோலத்தான். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் ஆரத்தித் தண்ணீர் சிவக்கும் என்பது நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். சோப்புக் கலவையும் காரம்தான், அதனால் மஞ்சள் அதிலும் சிவக்கும். மஞ்சள் கொட்டிய ஈரோட்டிலேயே ஒரு பெண் தன் சோப்பு கெட்டுப்போய்விட்டது என்று அழுதுகொண்டு வந்தார். கெட்டுப்போகவில்லை அம்மா, ஆரத்தியை நினைத்துப் பார் என்றேன். அந்த முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். காரணம் தெரிந்தால் அவர்கள் எவ்வளவு வேகமாகப் பிடித்துக்கொள்கிறார்கள் தெரியுமா!

இனி, எனக்கு மிகவும் கவலை தருகிற விஷயம். 'உத்யம் சான்றிதழ் போதும், நாளைக்கே விற்கலாம்' என்று வகுப்பில் சொல்வதாக ஒருவர் இல்லை, பலர் சொல்லிவிட்டார்கள். உத்யம் என்பது சிறுதொழில் பதிவு மட்டும்தான். சோப்பு செய்வதற்கான அனுமதி அதில் இல்லை. 1940ஆம் ஆண்டு மருந்து, அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் கீழ் குளியல் சோப்பும் அழகுசாதனப் பொருள்தான். முன்பு சோப்புக்கு விலக்கு இருந்தது, 1982ஆம் ஆண்டுத் திருத்தம் அதை எடுத்துவிட்டது. விற்பனைக்குச் செய்ய வேண்டுமென்றால் 2020ஆம் ஆண்டு அழகுசாதனப் பொருட்கள் விதிகளின்படி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் உரிமம் வாங்க வேண்டும். தனி இடம் இல்லாதவர்களுக்கு லோன் லைசென்ஸ் என்ற வழி இருக்கிறது. உரிமம் உள்ள இன்னொருவர் கூடத்தில், நம் பெயரில் செய்துகொள்ளலாம். நாலைந்து பேர் சேர்ந்து ஒரே கூடத்தை வைத்து முயன்று பார்க்கவும் இடமுண்டு. இதையெல்லாம் முதல் நாளே சொன்னால் சிலர் பின்வாங்குவார்கள்தான். ஆனால் நகையை அடகு வைத்து மோல்டும் டப்பாவும் வாங்கிக் குவித்த பிறகு தெரிந்துகொள்வதற்கு அது எவ்வளவோ மேல். அதேபோல் சொரியாசிஸ் தீரும், கரப்பான் போகும் என்று லேபிளில் எழுதச் சொல்லாதீர்கள். நோய் தீரும் என்று எழுதிவிட்டால் அதைச் சோப்பாகப் பார்க்க மாட்டார்கள், மருந்தாகத்தான் பார்ப்பார்கள். மாட்டிக்கொள்வது பெட்டியில் பெயர் போட்டிருக்கிற பெண்தான்.

என் பங்கும் இதில் இருக்கிறது. கடை திறந்த முதல் வருடம் யார் கேட்டாலும் காஸ்டிக்கைக் கட்டிக் கொடுத்திருக்கிறேன், ஒரு கேள்வி கேட்டதில்லை. இப்போது எந்தப் பாத்திரம், கையுறையும் கண்ணாடியும் இருக்கிறதா, தராசு இருக்கிறதா என்று கேட்காமல் பொட்டலம் கைமாறுவதில்லை. வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் எங்கே வைப்பீர்கள் என்றும் கேட்கிறேன். சிலருக்கு இது பிடிக்கவில்லை, வேறு கடைக்குப் போய்விட்டார்கள். போகட்டும்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். வகுப்பை இரண்டு நாளாக ஆக்குங்கள், முடியாவிட்டால் பத்து வகை சோப்பைக் குறைத்து இரண்டே வகையை ஒழுங்காகச் சொல்லிக் கொடுங்கள். ஒவ்வொருவரையும் தன் கையால் எடை போட வையுங்கள். வெட்டிய சோப்பு நாலு முதல் ஆறு வாரம் காய வேண்டும் என்பதால், ஆறு வாரம் கழித்து அவர்களை ஒருமுறை திரும்பக் கூப்பிட்டு, செய்ததைக் கொண்டுவரச் சொல்லிப் பாருங்கள். தாளிலிருந்து 'ஸ்பூன்' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள்.

எண்ணெய்வாரியாகக் காஸ்டிக் அளவும், கையில் பட்டால் செய்ய வேண்டியதும் ஒரே பக்கத்தில் வருகிற மாதிரி ஒரு தாள் தயார் செய்து வைத்திருக்கிறேன். எத்தனை பிரதி வேண்டுமானாலும் காசில்லாமல் தருகிறேன், என் கடைப் பெயர் அதில் இல்லை. வகுப்புக்கு இரண்டு தராசு இரவல் வேண்டுமென்றாலும் வந்து எடுத்துப் போங்கள், திங்கட்கிழமை திரும்பக் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
சோப்புச் சாமான் கடைக்காரி,
ஈரோடு