ஊசிக்காதும் இல்லாத வாசலும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த ஞாயிறு ஆன்மிகப் பக்கத்தில், செல்வர் இறையாட்சியில் நுழைவதைவிட ஒட்டகம் ஊசியின் காதில் நுழைவது எளிது என்ற இயேசுவின் கூற்றுக்கு, எருசலேம் மதிலில் ‘ஊசிக்காது’ என்றொரு சிறுவாசல் இருந்ததாகவும், சுமையை இறக்கி மண்டியிட்டால் ஒட்டகம் அதில் நுழைந்துவிடும் என்றும் விளக்கம் தரப்பட்டிருந்தது. பிரசங்கங்களில் பலகாலம் கேட்ட விளக்கம்தான். ஆனால் அக்காலத்து எருசலேமில் அப்படியொரு வாசல் இருந்ததற்கு எழுத்துச் சான்றோ அகழாய்வுச் சான்றோ கிடையாது. நற்செய்தி நூல்களைக் கிரேக்கத்தில் எழுதியவர்களில் மாற்கும் மத்தேயுவும் ஊசிக்கு ‘ராபிஸ்’ என்று எழுத, லூக்கா ‘பெலொனே’ என்கிறார். வாசலின் பெயராக இருந்திருந்தால் ஆளுக்கொரு சொல்லால் குறித்திருக்க மாட்டார்கள்.

கிரேக்கத்தில் ஒட்டகம் ‘காமேலோஸ்’, கப்பற்கயிறு ‘காமிலோஸ்’ என்பதால், 5ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஆயர் சிரில் கயிறு என்றே பொருள் கொண்டார். நற்செய்தியின் பிற்காலக் கையெழுத்துப் படிகள் சிலவற்றிலும் அச்சொல் உண்டு. பழைய படிகளோ ஒட்டகம் என்றே சொல்கின்றன. யூதர்களின் சமய நூலான பாபிலோனியத் தல்மூதிலும், கனவில்கூட வராத காட்சியாக ஊசிக்காதில் நுழையும் யானை பேசப்படுகிறது. அவரவர் அறிந்த பெரிய விலங்கு. தேன்கனிக்கோட்டைக்காரர் சொல்லியிருந்தாலும் யானையைத்தான் சொல்லியிருப்பார்.

கிருஷ்ணகிரியில் நான் செல்லும் வேதபாட வகுப்புக்குப் புளி மண்டியில் மூட்டை தைக்கும் பெரியவர் ஒருவர் வருவார். கோணி ஊசியின் காது பெரியதுதான் என்றாலும், பிரிந்த சணல் நுனியை எச்சில் தொட்டு முறுக்கி இரண்டு மூன்று முறை முயன்ற பிறகே அதில் கோக்க முடியும். வாசல் கதையைக் கேட்டதும் அவர், “மண்டி போட்டா நுழைஞ்சிடும்னா, சீஷருங்க எதுக்கய்யா அப்படித் திகைச்சுப் போனாங்க?” என்று கேட்டார். அப்படியானால் யார்தான் மீட்புப் பெற முடியும் என்று சீடர்கள் மலைத்ததை மாற்கு 10:26 கூறுகிறது; மனிதரால் இது இயலாது, கடவுளால் இயலும் என்ற விடை அடுத்த வசனத்திலேயே வருகிறது. குனிந்தால் போதும் என்றாகிவிட்டால் அந்த விடைக்கே வேலையில்லை. செல்வர் மனம் கோணாமல் பிரசங்கம் செய்ய வாசல் கதை வசதியானது என்பதையும் மறுப்பதற்கில்லை.

வரும் ஞாயிறு இதழில் ஒரு திருத்தக் குறிப்புடன், மாற்கு 10:17 முதல் 27 வரையுள்ள பகுதியை முழுமையாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கிருஷ்ணகிரி.