முன் ரயரின்ர உள்விளிம்பு

கோண்டாவில்,
புரட்டாதி 18

என்ர பிள்ளைக்கு,

அம்மாவும் நானும் சுகம். விளக்கீட்டுக்குக் காரிலதான் வாறம் எண்டு நீ சொன்ன நேரம் தொடக்கம் எனக்கு மனம் சரியில்லை.

ஆவணியில வந்து நிண்டபோது, நீங்கள் எழும்ப முதல் திறப்பை எடுத்துக்கொண்டு போய்க் காரைப் பாத்தனான். நிண்டு பாக்க ரயரில ஒரு பிழையும் தெரியேல்லை. ஸ்ரியறிங்கை முழுக்க வெட்டிவிட்டு, குந்தியிருந்து உள்பக்கம் தடவினன். இடப்பக்க முன் ரயரின்ர உள்விளிம்பில வெட்டே இல்லை, வழுவழுவெண்டு கிடந்தது. அண்டைக்கே மருமகனுக்குச் சொன்னன். "பாப்பம் மாமா" எண்டவர். இன்னும் மாத்தேல்லை எண்டு இப்பதான் அறியிறன்.

ரயரில இருக்கிற வெட்டுத்தான் மழைத்தண்ணி ஓடுற கான். புது ரயரில 8 மில்லிமீற்றர் அளவு ஆழம் இருக்கும். வெட்டுக்குள்ள குறுக்கால சின்னச் சின்னத் திட்டு இருக்கு. ரயர் தேஞ்சு அதோட மட்டமா வந்தா மிச்சம் 1.6 மில்லிமீற்றர்தான். மாரி றோட்டுக்கு அது வரைக்கும் பாத்துக்கொண்டு இருக்கக்கூடாது, 3 மில்லிமீற்றரிலயே மாத்திப்போட வேணும்.

உனக்கு இவ்வளவு நாளும் சொல்லாத ஒண்டு இருக்கு. 2003 கார்த்திகை, கொழும்பில இருந்து வான் ஓடிக்கொண்டு வாறன். பத்து வயசு நீ, பக்கத்துச் சீற்றில நித்திரை. ரயர் தேஞ்சது தெரிஞ்சும், இன்னொரு ஓட்டம் ஓடலாம் எண்டு விட்டனான். புளியங்குளம் தாண்ட நல்ல மழை. தண்ணி ஓட வழியில்லாமல் ரயர் மிதந்து, ஸ்ரியறிங் திடீரெண்டு கைக்கு லேசாப் போச்சுது. பிறேக்கை மிதிக்க மிதிக்க வான் கரைக்கு இழுத்துக்கொண்டு போகுது. கரையில மிதிவெடி எச்சரிக்கைப் பலகை. அதுக்கு ரெண்டு முழம் இருக்கத்தான் நிண்டது. முறிகண்டிப் பிள்ளையாரடியில தேங்காய் உடைக்கேக்க என்ர கை நடுங்கினது. நீ கச்சான் கேட்டு அழுதனி.

ஒரு கரை மட்டும் தேயுறதெண்டால் எலைன்மென்ற், அதாவது சில்லு நிக்கிற கோணம், பிழை. அதைச் சரிபண்ணாமல் விட்டா புது ரயரும் அதே இடத்தில தேயும். காத்துக் கூடினா நடு தேயும், காணாட்டி ரெண்டு கரையும் தேயும். ஸ்பெயார் ரயரின்ர பக்கத்தில கடைசி நாலு இலக்கம் 1216, அதாவது 2016ஆம் ஆண்டு 12ஆம் கிழமை செய்தது. நல்லாப் பழசு, அதையும் நம்பாதை.

பேரப்பிள்ளையையும் ஏத்திக்கொண்டு 400 கிலோமீற்றர் வாறியள். முன் ரயர் ரெண்டையும் ஒண்டா மாத்து. காசு நான் போடுறன். மாத்தின உடன உள்விளிம்பைப் படமெடுத்து அனுப்பு, பாத்துப்போட்டு அம்மாவைச் சாமான் வேண்டச் சொல்லுறன்.

அன்புடன்
அப்பா