அப்பாவுக்குத் தோள் கொடுத்த எல்லோருக்கும்

அப்பா சிவபதமடைந்து ஒரு மாதமாகிறது. செத்தவீட்டு நாட்களில் வந்து கையைப் பிடித்தவர்களுக்கும், தூரத்திலிருந்து தொலைபேசியில் அழுதவர்களுக்கும் ஒழுங்காக ஒரு வார்த்தை சொல்லும் நிலையில் நாங்கள் இருக்கவில்லை. மூத்த மகள் என்ற முறையில் அம்மா, தம்பிமார், குடும்பத்தார் எல்லோர் சார்பிலும் இதை எழுதுகிறேன்.

முதல் நன்றி எங்கள் வெள்ளவத்தைத் தொடர்மாடிப் பிள்ளைகளுக்கு. அப்பாவுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கிய இரவு லிஃப்ட் வேலை செய்யவில்லை. எங்கள் வீடு நாலாம் மாடி. கீழ்வீட்டுத் தம்பிமாரும் வோச்சர் ஐயாவும் ஓடிவந்து, அப்பாவைப் பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி, சாரத்தால் இடுப்போடு சேர்த்துக் கட்டி, படிபடியாக இறக்கினார்கள். ஒரு திருப்பத்தில் கதிரைக்கால் கம்பியில் மாட்டிக்கொண்டது. அந்த மூச்சுத் திணறலிலும் அப்பா, "தம்பி, உங்கட கால் கவனம்" என்றார். வாசலில், 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் ஒட்சிசனோடு தயாராக நின்றது. அன்று கைவிட்டுப் போயிருக்க வேண்டிய அப்பாவை இன்னும் சில நாட்கள் எங்களோடு வைத்திருந்தது நீங்கள்தான். ஆஸ்பத்திரியில் நித்திரை முழித்துப் பார்த்த டொக்டர்மாருக்கும், அப்பாவோடு சிங்களத்தில் கதை கொடுத்துக் கொடுத்தே கஞ்சி பருக்கிய நேர்ஸ் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம்.

புங்குடுதீவிலிருந்து 1961இல், 15 வயதில், மெயில் வண்டி ஏறி கொழும்பு கோட்டை ஸ்டேஷனில் இறங்கியவர் அப்பா. புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் ஊரவர் ஒருவரின் மளிகைக் கடையில் சிட்டை எழுதவும் மூடை எண்ணவும் நின்றார். இரவில் அரிசி மூடைகளுக்கு மேலேயே படுக்கை. தனிக்கடை போட்டது எழுபதுகளின் தொடக்கத்தில். வெளிநாட்டு வெங்காயமும் மிளகாயும் வராமல் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரருக்கு நல்ல விலை கிடைத்த காலம் அது. விடியப்புறம் லொறி வந்து நிற்கும்போது தானே ஏறி, ஒரு மூடையை அவிழ்த்து, வெங்காயத்தைக் கையில் உருட்டிப் பார்த்துத்தான் இறக்கவிடுவார். ஈரமென்றால் ஈரமென்று தோட்டக்காரருக்கும் சொல்வார், வாங்க வருகிறவருக்கும் சொல்வார். தராசுத் தட்டைத் துடைக்காமல் ஒருநாளும் நிறுத்ததில்லை.

1983 ஜூலை 25ஆம் திகதி, தமிழருக்கு எதிரான கலவரத்தில் கடை எரிந்தது. அன்றிரவு எங்களைத் தன் வீட்டின் பின்னறையில் வைத்து, முன்வாசலில் தான் கதிரை போட்டுக் குந்தியிருந்தவர் ஒரு சிங்களத் தாய். இன்று அவர் இல்லை. அவருடைய மகனும் மருமகளும் அப்பாவின் கிரியைகள் முடியும்வரை எங்களோடு நின்றார்கள். அம்மாவுக்கு அந்த மருமகள் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்துப் பக்கத்தில் இருந்ததை நாங்கள் மறக்கமாட்டோம். பிறகு பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாம், அங்கிருந்து கப்பலில் வடக்கே காங்கேசன்துறை. அந்த நாட்களைப் பற்றி அப்பா அதிகம் கதைத்ததில்லை, நானும் இங்கே நீட்டவில்லை.

அவர் திரும்பத் திரும்பச் சொன்னது அதற்குப் பிறகு நடந்ததைத்தான். கடையோடு கடன் கொப்பியும் எரிந்துவிட்டது. யார் எவ்வளவு தரவேணும் என்பதற்கு எழுத்தில் ஒன்றுமில்லை. சில மாதங்கள் கழித்து அப்பா கொழும்புக்குத் திரும்பி, எரிந்த சுவருக்கு முன்னால் நின்றபோது, ஆட்கள் தாங்களாகவே வந்து, "முதலாளி, நான் இவ்வளவு தரவேணும்" என்று கொடுத்தார்கள். தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் எல்லோரும் அதில் இருந்தார்கள். அடுத்த தெரு ஹாஜியார் ஒரு துண்டுக் கடுதாசியும் வாங்காமல் பருப்பும் சீனியும் மூடை கணக்கில் இறக்கிவிட்டார். அந்தப் பருப்பில்தான் கடை மறுபடி தொடங்கியது, நாங்கள் படித்தோம், சித்தப்பாமாரும் மாமிமாரும் கரை சேர்ந்தார்கள். ஊரிலிருந்து வந்த எத்தனையோ பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும்வரை எங்கள் விறாந்தையில் பாய் கிடந்தது. அம்மாவின் அடுப்பு அதற்கெல்லாம் ஈடுகொடுத்தது என்பதையும் இங்கே சொல்லத்தான் வேணும். அப்பாவின் உழைப்பில் பாதி அம்மாவுடையது.

சரி, இறுதி நாளுக்கு வருகிறேன். பொரளை மலர்ச்சாலையில் அப்பாவை வைத்திருந்தபோது நாலாம் குறுக்குத் தெருவில் மூடை சுமக்கும் நாட்டாமைமார் சீவிச் சிங்காரித்து வெள்ளைச் சேட்டோடு வரிசையாக வந்து நின்றார்கள். மூடை தூக்கிக் காய்த்த அந்தத் தோள்களிலேதான் அப்பா கடைசியாகப் போனார். தெருவில் பல கடைகள் மத்தியானம்வரை பூட்டிக் கிடந்ததைப் பிறகுதான் கேள்விப்பட்டோம். கனத்தை மயானத்தில் திருப்பொற்சுண்ணம் பாடிய ஐயாவுக்கும், கிரியைகளைக் குறைவின்றிச் செய்த குருக்களுக்கும், எட்டுச் செலவுச் சடங்குவரை எங்கள் வீட்டு அடுப்பு எரியாமல் முறைவைத்துச் சாப்பாடு கொண்டுவந்த அயலவர்களுக்கும், பதாகை அடித்து ஒழுங்கைகளில் கட்டிய பொடியன்களுக்கும், கனடா, லண்டன், பாரிஸிலிருந்து விமானம் பிடித்து வந்த சொந்தங்களுக்கும், வர முடியாமல் அங்கேயே விளக்கேற்றியவர்களுக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றிகள். பெயர் சொல்லாமல் விட்டவர்கள் மனம் நோகவேண்டாம். உங்களில் ஒவ்வொருவரையும் அம்மா தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இன்னொரு விஷயம். மலர்ச்சாலையில் சிலர் என் கையில் கடித உறைகளைத் திணித்துவிட்டு, "ஐயாவிட்ட வாங்கினது" என்று மட்டும் சொல்லிப் போனீர்கள். பெயரில்லை, என்ன கணக்கென்றும் தெரியாது. அந்தப் பணம் முழுவதும் அப்பா படித்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் மதியச் சாப்பாட்டுக்குப் போகிறது. அப்பா யாருக்காவது ஏதும் கொடுக்க வேண்டியிருந்தால் தயவுசெய்து கூச்சப்படாமல் வந்து சொல்லுங்கள். எழுத்து எதுவும் தேவையில்லை.

அந்தியேட்டிக் கிரியைகள் கீரிமலையில் நிறைவேறிவிட்டன. வீட்டுக்கிருத்தியமும் மதிய போசனமும் வருகிற ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தை இல்லத்தில் நடைபெறும். இதையே நேரில் வந்து அழைத்ததாக ஏற்று எல்லோரும் வரவேணும். லிஃப்ட் திருத்தியாகிவிட்டது, வயதானவர்கள் யோசிக்காமல் வாருங்கள். கடை திங்கட்கிழமை வழமைபோல் காலை ஆறு மணிக்குத் திறக்கும். தம்பி இருப்பான்.

இப்படிக்கு,
மனைவி, பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள்
வெள்ளவத்தை, கொழும்பு