ஓவர்ஹால் பில்லில் அளவு எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் விவசாயப் பக்கத்தில், நெல் அறுவடை முடிந்ததும் தோலாஜி எனும் நம் ஊர் டீசல் இழுவை வண்டியின் எஞ்சினை ஓவர்ஹால் செய்துவிடச் சொல்லி ஒரு வரி வந்திருந்தது. அந்த வரியை நம்பிப் பிரிக்கக் கொடுத்தால் நல்ல எஞ்சினும் கெட்டுப் போகும். இங்கே பர்மாவில் பெகு, தட்டோன் பக்கமெல்லாம் ஆயில் மாற்றினாலும் ஓவர்ஹால், ரிங் போட்டாலும் ஓவர்ஹால் என்றுதான் பில் எழுதுகிறார்கள். பத்திரிகையும் அதையே எழுதினால் எப்படி?

பாய்மரக் கப்பல்காரர்கள் கப்பிக் கயிறுகளை இழுத்துத் தளர்த்திப் பார்ப்பதற்கு வைத்திருந்த சொல் அது. பிரித்துச் சோதிப்பது என்ற பொருளோடு எஞ்சினுக்கு வந்தது. பட்டறைக் கணக்கில் சர்வீஸ் என்பது உடையாத எஞ்சினுக்குச் செய்வது: ஆயில், ஃபில்டர், வால்வு கேப் (வால்வு இடைவெளி). ரிப்பேர் என்பது கெட்டதை மட்டும் சரிசெய்வது. ஓவர்ஹால் என்றால் முழுக்கப் பிரித்து, கழுவி, ஒவ்வொன்றையும் அளந்து, எது மறுபடி உள்ளே போகலாம், எது போகக்கூடாது என்று முடிவு கட்டுவது. சிலிண்டரின் மூடியான ஹெட்டை மட்டும் கழற்றி, கரியைச் சுரண்டி, வால்வை உட்கார வைத்து, புது கேஸ்கட் போடுவது டாப் ஓவர்ஹால். பிஸ்டன் சுழற்றும் அச்சான கிராங்கை அதில் தொடுவதே இல்லை. பல வண்டிகளுக்கு அதுவே போதும்.

பிரிக்க வேண்டுமா என்பதைப் பிரிக்காமலே கண்டுபிடிக்கலாம். நம் ஊரில் அதிகம் ஓடும் எஸ்195 வகையைச் சொல்கிறேன். 95 மி.மீ. போர் (சிலிண்டர் உள்விட்டம்), 115 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்), 12 குதிரைத்திறன், படுக்கை சிலிண்டர். டீசலை நிறுத்திவிட்டு, அழுத்தத்தைத் திறந்துவிடும் டிகம்ப்ரஷன் லீவரைத் தூக்காமல், ஹேண்டிலை மெதுவாகச் சுற்றுங்கள். நல்ல எஞ்சின் கையைத் திருப்பித் தள்ளும், ஆகையால் பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். எதிர்ப்பே இல்லாமல் சுற்றினால் காது கொடுத்துக் கேளுங்கள். சைலன்சரில் 'உஸ்' என்றால் எக்ஸாஸ்ட் வால்வு. ஏர் ஃபில்டரில் கேட்டால் இன்லெட் வால்வு. தண்ணீர்த் தொட்டியில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட். கிராங்க் கேஸின் மூச்சுக்குழாயில் கேட்டால்தான் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங், அது உரசும் சிலிண்டர் உள்ளுறையான லைனர். முதல் மூன்றுக்கும் ஹெட்டைக் கழற்றினால் போதும். முழு ஓவர்ஹாலுக்குப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

லைனர் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க, உள்விட்டம் அளக்கும் போர் கேஜ் இல்லாத ஊர்ப் பட்டறைக்கும் வழி உண்டு. ஒரு ரிங்கை லைனருக்குள் விட்டு, பிஸ்டனாலேயே தள்ளி நேராக உட்கார வையுங்கள். ஹெட் பக்கம், மேல் ரிங் திரும்புகிற இடத்தில், ரிங் வாயின் இடைவெளியை ஃபீலர் கேஜால் (அளவு குறித்த மெல்லிய தகடுகளால்) பாருங்கள். பிறகு கிராங்க் பக்கம், ரிங் ஓடாத இடத்தில் பாருங்கள். ஹெட் பக்கம் 1.35 மி.மீ., கிராங்க் பக்கம் 0.40 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவில் வித்தியாசம் 0.95. அதை 3.14-ஆல் வகுத்தால் 0.30 மி.மீ. விட்டத் தேய்மானம். வித்தியாசம்தான் கணக்கு என்பதால் பழைய ரிங்கிலேயே பார்க்கலாம். இவ்வளவு தேய்ந்த லைனரில் புது ரிங் மட்டும் போட்டால் புகை கொஞ்ச நாளைக்குத்தான் அடங்கும். அதோடு, பழைய ரிங் திரும்பிய இடத்தில் ஒரு விளிம்பு நின்றிருக்கும். புது ரிங்கின் கூரான முனை அதில் இடித்து உடையும். உடைந்த துண்டு பிஸ்டனையும் கெடுக்கும்.

லைனர் மாற்றும்போது அதிகம் சொதப்புவது ரப்பர் வளையம். கிராங்க் பக்கத்தில் தண்ணீரைத் தடுப்பது அதுதான். முறுக்கிக்கொண்டு உள்ளே போனால் ஆயிலில் தண்ணீர் கலந்து பால் நிறமாகும். சோப்புத் தண்ணீர் தடவி, முறுக்கு இல்லாமல் தள்ளுங்கள். ஹெட்டைப் பூட்டியதும் தொட்டியில் தண்ணீர் ஊற்றி, பின்மூடியை மூடாமல் ஓர் இரவு விட்டு, காலையில் கிராங்க் கேஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு சொட்டு இருந்தாலும் திரும்பக் கழற்றத்தான் வேண்டும். லைனரின் விளிம்பு பிளாக்கைவிட ஒரு மயிரிழை வெளியே நிற்க வேண்டும், உள்ளே இறங்கியிருந்தால் எந்த கேஸ்கட்டும் பிடிக்காது.

பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராட்டின் பேரிங் ஆடுகிறது என்றால் மூடியை அரம் போட்டு ராவுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சத்தம் நிற்கும், துளை முட்டை வடிவமாகிவிடும், அடுத்த பேரிங்கும் எரியும். அந்த பேரிங் உட்காரும் கிராங்க் பின்னை மைக்ரோமீட்டரால் அளந்து, தேய்ந்திருந்தால் கடைந்து, 0.25 அல்லது 0.50 மி.மீ. அண்டர்சைஸ் (அந்த அளவு துளை சிறிதான) பேரிங் போடுவதே முறை. டைமிங் கியர் பூட்டும்போது அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்ட் இரண்டின் குறிகளையும் பாருங்கள். ஒரு பல் தப்பினாலும் எஞ்சின் ஓடும், ஆனால் வண்டியின் சட்டத்துப் போல்ட்டெல்லாம் கழன்று வரும்.

ஹெட் நட்டுகளைக் குறுக்குக் குறுக்காக, இரண்டு மூன்று தடவையாக இறுக்க வேண்டும். ஓட்டி ஆறவிட்டு மறுபடி இறுக்கினால் வால்வு கேப் மாறிவிடும். அதனால் அதைக் கடைசியில் வையுங்கள்: ஆறின எஞ்சினில் இன்லெட் 0.35, எக்ஸாஸ்ட் 0.45 மி.மீ. முதலில் பாரமில்லாமல், பிறகு பாதிப் பாரத்தில் ஓட்டுங்கள். முதல் ஆயிலைச் சீக்கிரமே கொட்டிவிடுங்கள், அதில் இரும்புத்தூள் இருக்கும்.

டீசல் பம்பை ஊர்ப் பட்டறையில் பிரிக்க விடாதீர்கள். பிளஞ்சரும் பேரலும் ஒன்றோடு ஒன்று தேய்த்துச் சேர்த்த ஜோடி. ஒன்றை மட்டும் மாற்றினால் அழுத்தம் நிற்காது.

பில் கையில் வந்ததும் லைனர் தேய்மானம், கிராங்க் பின் விட்டம், பேரிங் சைஸ் மூன்றும் எழுதியிருக்கிறதா என்று வாசகர்கள் கேட்கட்டும். கழற்றிய சாமான்களையும் வாங்கிக்கொள்ளட்டும். அடுத்த இதழில் அந்த வரியைத் திருத்தும்போது ஹேண்டில் சோதனையையாவது சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
டீசல் எஞ்சின் பட்டறைக்காரர் ஒருவர்,
தட்டோன், பர்மா