பண்ணைக்குட்டை மீன் வளர்ப்புப் பணி நிறைவு: உறுப்பினர்களுக்குக் குழுவின் அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பெருமாள் ஏரிப் பாசனத்தை நம்பியிருக்கும் நம் ஊரில் ஆறு பண்ணைக்குட்டைகளையும் தூர்வாரி, கரையை உயர்த்தி, கிப்ட் திலேப்பியா என்ற வளர்ப்பு மீனின் குஞ்சுகளை விட்டு முடித்திருக்கிறோம். மீன்வளத்துறையில் பதிவு செய்த பிறகே குஞ்சு வாங்கினோம். வரவு செலவு விவரம் ஊர்க்கூட்டத்தில் வாசிக்கப்படும்.

தண்ணீரை வடித்ததும் சேற்றில் பழைய ஜிலேபி மீன்களும் கெளுத்தியும் மிஞ்சியிருந்தன. அவற்றை அகற்ற இலுப்பைப் புண்ணாக்கு போட்டோம். அதன் நஞ்சு முறிய ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். பிறகு அதுவே எருவாகிவிடும். அதனால்தான் குஞ்சு விடத் தாமதமானது, பணியில் சுணக்கம் ஏதுமில்லை. முதல் தவணைக் குஞ்சுகளில் கொஞ்சம் செத்துப்போனது எங்கள் தவறு. உச்சி வெயிலில் வந்த பைகளை உடனே அவிழ்த்துக் கொட்டிவிட்டோம். அடுத்த தவணையை விடியற்காலையில் வரவழைத்து, பைகளைக் கால் மணி நேரம் குட்டையில் மிதக்கவிட்டு, இரண்டு தண்ணீரின் சூடும் ஒன்றான பிறகு திறந்தோம். ஒரு குஞ்சுகூடச் சாகவில்லை.

கிப்ட் குஞ்சுகளை ஏரியிலும் விடலாமே என்று பலர் கேட்டீர்கள். குழு ஒருமனதாக மறுத்தது. 1952-இல் இந்தியாவுக்கு வந்த மொசாம்பிக் திலேப்பியாதான் இன்று நம் வாய்க்கால்களில் நிறைந்திருக்கும் ஜிலேபி. இரண்டு மூன்று மாதத்திலேயே சினை பிடித்து, தாய் முட்டைகளை வாய்க்குள் வைத்துக் காப்பதால் குஞ்சுகள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கின்றன. கூட்டம் பெருகி இரை போதாமல் எல்லாம் விரல் நீளத்திலேயே நின்றுவிடும். கெண்டைக்கும் விராலுக்கும் இடமில்லாமல் போகும். கிப்ட் இனம் வேறு. 1988-இல் பிலிப்பைன்சில் தொடங்கி, நன்றாக வளரும் மீன்களையே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி உருவாக்கியது. ஆனாலும் அதுவும் திலேப்பியாதான். இனம் பெருகாமலிருக்க ஆண் குஞ்சுகளாகவே கேட்டு வாங்கியும் சில பெட்டைகள் கலந்துவிடும். 2015 வெள்ளத்தில் நம் வயலும் ஏரியும் ஒரே தண்ணீராகக் கிடந்ததைப் பார்த்தவர்கள் நாம். குட்டை உடைந்தால் மீன் நேராக ஏரிக்குப் போய்விடும். பெரியவர்கள் தூண்டில் போட்டு விரால் பிடித்த ஏரி அது. அதைக் கெடுக்கும் உரிமை நமக்கு இல்லை. ஏரிக்குக் கட்லா, ரோகு, மிருகால் ஆகிய கெண்டைக் குஞ்சுகளே போதும்.

அதனால் கரையைப் பழைய வெள்ள அளவுக்கு மேல் உயர்த்தினோம். செலவு கூடியதற்கு முக்கியக் காரணம் இதுதான். ஒவ்வொரு வடிகால் குழாயிலும் இரட்டை வலை கட்டியிருக்கிறோம்.

தீவனம் காலையும் மாலையும் போட வேண்டும். கையை முழங்கை வரை தண்ணீரில் விட்டால் உள்ளங்கை தெரியாத அளவுக்குப் பச்சை ஏறினால் அன்று தீவனத்தை நிறுத்துங்கள். விடியலில் மீன்கள் மூச்சுக் காற்று போதாமல் மேலே வந்து வாய் பிளந்தால் உடனே புதுத் தண்ணீர் பாய்ச்சுங்கள். அரைக் கிலோ எடை வர ஐந்தாறு மாதம் ஆகும்.

வடிகால் வலைகளை ஐப்பசி மழைக்கு முன் அந்தந்தக் குட்டைக்காரர் ஒருமுறை கழற்றிப் பார்த்து, கிழிசல் இருந்தால் குழுவிடம் மாற்று வலை வாங்கிக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
பணிக் குழுவினர்