வாசகர் வட்டச் செயலாளரின் ஆண்டறிக்கை: மாறியிருக்கக்கூடிய லித்துவேனிய அரியணை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, வட்டத்தின் அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கடந்த பொதுக்குழுவின் தீர்மானப்படி, இந்த ஆண்டு நடந்த 11 கூட்டங்களையும் ஒரே பொருளுக்கு ஒதுக்கினோம். இடைக்கால லித்துவேனியாவில் அரியணை வேறொருவர் கைக்குப் போயிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதே அப்பொருள். கற்பனை கட்டறுத்துக்கொண்டு ஓடிவிடக் கூடாது என்பதற்காக முதல் கூட்டத்திலேயே ஒரு விதி செய்துகொண்டோம். ஒரு நிகழ்வை மட்டுமே மாற்றலாம், அந்த மாற்றமும் அன்றிருந்தவர்களால் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். போலந்தும் லித்துவேனியாவும் சேர்ந்து டியூட்டானிய வீரத்துறவிகளை 1410-இல் வென்ற கிரன்வால்ட் போரின் முடிவை மாற்றலாம் என்று வந்த யோசனை, அது வாரிசுரிமை சார்ந்தது அன்று என்பதால் ஏற்கப்படவில்லை.

பெயர்களை எப்படி எழுதுவது என்பதில் ஒரு கூட்டம் முழுவதும் போய்விட்டது. யோகைலா, வீத்தௌத்தாஸ், கேஸ்துத்திஸ் என்று லித்துவேனிய ஒலியை ஒட்டியே எழுதுவதெனப் பெரும்பான்மை முடிவு செய்தது. உறவுமுறைகளில் மட்டும் நமக்குச் சிரமமே இருக்கவில்லை. மூத்த மகனுக்கே பட்டம் என்ற உறுதியான விதி இல்லாத, கெதிமினாஸின் வழிவந்த ஆண்களில் வலுத்தவர் பெருங்கோமகன், அதாவது நாட்டின் ஆட்சியாளர், ஆகிவிடும் அந்த நாட்டு அரசியலை, நம்மவர்கள் ‘பங்காளிச் சண்டை’ என்ற ஒரே சொல்லில் பிடித்துக்கொண்டார்கள். 1341-இல் கெதிமினாஸ் இறந்தபோது அவருக்கு ஏழு மகன்கள். பட்டம் யாவ்னுத்திஸுக்குப் போயிற்று. 1345-இல் அண்ணன்மார் அல்கிர்தாஸும் கேஸ்துத்திஸும் சேர்ந்து அவரை இறக்கினார்கள். நமது உறுப்பினர் ஒருவர் வரைந்த வம்சாவளி, சார்ட் தாள் நான்கை ஒட்டியும் இடம் போதாமல், சுவரிலிருந்து மேசை வரை வழிந்தது.

நாம் முதலில் எடுத்துக்கொண்டது 1382. அல்கிர்தாஸ் 1377-இல் இறந்தபின் அவர் மகன் யோகைலா பட்டத்துக்கு வந்தார். சித்தப்பா கேஸ்துத்திஸுக்குத் தெரியாமல் லித்துவேனியா மீது படையெடுத்துவந்த ஜெர்மானியச் சிலுவைப்போர் அமைப்பான டியூட்டானிய வீரத்துறவிகளுடன் அவர் 1380-இல் இரகசிய உடன்படிக்கை செய்துகொண்டதை அறிந்த சித்தப்பா, அடுத்த ஆண்டே தலைநகர் வில்னியஸைப் பிடித்துக்கொண்டார். ஆனாலும் அண்ணன் மகனைச் சிறையில் வைக்காமல் விட்டுவிட்டார். 1382 ஆகஸ்டில் யோகைலாவுடன் பேச்சுவார்த்தைக்குப் போன கேஸ்துத்திஸை யோகைலாவின் ஆட்கள் பிடித்துக் கிரேவா கோட்டையில் அடைத்தார்கள். சில நாட்களில் அவர் அங்கே பிணமாகக் கிடந்தார். அவர் மகன் வீத்தௌத்தாஸ், மனைவியின் பணிப்பெண் உடையை அணிந்துகொண்டு தப்பினார்.

கேஸ்துத்திஸ் அந்தப் பேச்சுவார்த்தைக்குப் போகாமல் இருந்திருந்தால், யோகைலா போலந்து அரசியை மணந்து இரு நாடுகளையும் இணைப்பதாக ஒப்புக்கொண்ட 1385-இன் கிரேவா உடன்பாடும், 1386 பிப்ரவரியில் யோகைலா ஞானஸ்நானம் பெற்றுப் போலந்தின் அரசி யாத்விகாவை மணந்ததும் நடந்திரா என்பதில் எல்லோரும் ஒத்துப்போனோம். யாத்விகா, முன்பே நிச்சயிக்கப்பட்டிருந்த ஹாப்ஸ்பர்க் வில்லியமை மணந்திருப்பார். யோகைலாவே மாஸ்கோவின் திமித்ரி தோன்ஸ்காயின் மகளை மணந்து கீழைத் (ஆர்த்தடாக்ஸ்) திருச்சபைக்குப் போயிருந்தால் என்ற கேள்வியும் எழுந்தது. அந்தச் சம்பந்தம் உண்மையிலேயே பேசப்பட்டதுதான். ஆனால் கீழைத் திருச்சபையினரைப் பிரிவினையாளர்களாகவே கருதிய வீரத்துறவிகள் அதன்பின்னும் படையெடுப்பை நிறுத்தியிருக்க மாட்டார்கள் என்று நமது பொருளாளர் வாதிட்டார். அதற்கு எவரிடமும் மறுமொழி இல்லை.

இந்த ஆண்டின் மிகச் சிறந்த கூட்டம் 1399-ஐப் பற்றியது என்பது என் கருத்து. அந்த ஆண்டு ஜூன் 22-இல் யாத்விகாவுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. மூன்று வாரத்தில் குழந்தை இறந்தது, நான்கு நாள் கழித்துத் தாயும் இறந்தார். ஆகஸ்ட் 12-இல் வோர்ஸ்க்லா ஆற்றங்கரையில் தாத்தாரியரிடம், யோகைலாவுடன் சமரசமாகி அப்போது லித்துவேனியாவை ஆண்டுவந்த வீத்தௌத்தாஸ் படுதோல்வி அடைந்தார். 51 நாட்களுக்குள் இத்தனையும் நடந்தன. அந்தக் குழந்தை பிழைத்திருந்தால் போலந்து அவளையே வாரிசாக ஏற்றிருக்கும். பின்னாளில் யோகைலாவின் இரண்டாம் மனைவிக்குப் பிறந்த மகளை அந்நாட்டுப் பிரபுக்கள் வாரிசாக ஒப்புக்கொண்டது இதற்குச் சான்று. லித்துவேனியாவோ ஒரு பெண்ணைப் பெருங்கோமகன் இருக்கையில் அமர்த்திப் பழகியதில்லை. ஆக, யோகைலாவின் காலத்துக்குப் பின் இரு நாடுகளும் சண்டையின்றியே பிரிந்திருக்கக்கூடும்.

உறுப்பினர்கள் பலர் ஆவலுடன் காத்திருந்த 1430-க்கு மூன்று கூட்டங்கள் ஒதுக்கப்பட்டன. 1429 ஜனவரியில் லுட்ஸ்க் மாநாட்டில், ஜெர்மனிக்கும் ஹங்கேரிக்கும் அரசராக இருந்த சிகிஸ்மண்ட், வீத்தௌத்தாஸுக்கு அரச கிரீடம் தருவதாக முன்வந்தார். முடிசூட்டு விழா 1430 செப்டம்பர் 8 என்று குறிக்கப்பட்டது. கிராக்கோவ் ஆயர் ஒலெஷ்நிக்கி தலைமையில் போலந்துப் பிரபுக்கள் எதிர்த்தார்கள், தூதர்களை வழியில் மறித்தார்கள். கிரீடம் வந்து சேரவே இல்லை. ஏறத்தாழ எண்பது வயதான வீத்தௌத்தாஸ் அக்டோபர் 27-இல் திராக்காயில் காலமானார்.

கிரீடம் வந்திருந்தால் லித்துவேனியா தனி அரசாக நிலைத்திருக்கும் என்று பெரும்பாலோர் கூறினர். இதில் நான் உடன்படவில்லை என்பதை, செயலாளர் என்ற முறையில் அல்லாமல் உறுப்பினர் என்ற முறையில் பதிவு செய்கிறேன். வீத்தௌத்தாஸுக்கு ஆண் வாரிசு இல்லை. ஒரே மகள் சோஃபியா மாஸ்கோவின் முதலாம் வசீலியை மணந்தவர். விழாவுக்கு வந்திருந்த 15 வயதுப் பேரன் இரண்டாம் வசீலி, மாஸ்கோவின் ஆட்சியாளர். அந்தக் கிரீடத்தைத் தாத்தாவுக்குப்பின் யார் தலையில் வைப்பது என்ற கேள்விக்கு மூன்று கூட்டங்களிலும் ஒருவரும் விடை கூறவில்லை. முடிசூடியிருந்தாலும், யோகைலாவின் தம்பி ஷ்வித்ரிகைலாவும் வீத்தௌத்தாஸின் தம்பி சிகிஸ்மண்டும் 1432 முதல் மோதிக்கொண்டதைப் போலவே மோதியிருப்பார்கள். பெருங்கோமகன் பட்டத்துக்குப் பதில் அரசர் பட்டத்துக்காக மோதியிருப்பார்கள், அவ்வளவே.

மாறாக, 1440 மார்ச்சில் திராக்காயில் இந்தத் தம்பி சிகிஸ்மண்ட் கொலையுண்டபோது, அவருக்கு வளர்ந்த மகன் ஒருவர் இருந்தார். கேஸ்துத்திஸின் கால்வழி நிலைக்க உண்மையான வாய்ப்பு இருந்தது அங்கேதான். ஆனால் பிரபுக்கள் யோகைலாவின் 12 வயது மகன் காசிமிரைப் பெருங்கோமகன் ஆக்கினார்கள். 1444-இல் போலந்து அரசராக இருந்த அவர் அண்ணன் துருக்கியருக்கு எதிரான வார்னா போரில் மடிய, 1447-இல் காசிமிருக்குப் போலந்து முடியும் கிட்டியது. இதற்கு ஒரே ஒரு கூட்டம்தான் கிடைத்தது, அதுவும் மழையால் பாதியில் முடிந்தது. ஆகவே வரும் ஆண்டின் முதல் இரண்டு கூட்டங்களை 1440-க்கே ஒதுக்குமாறு செயற்குழு பரிந்துரைக்கிறது.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்போர் அதற்குமுன் அவரைச் சந்தித்துவிட்டால் நல்லது.

இறுதியாக ஒரு திருத்தம். எட்டாம் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பில், கிரீடம் தர முன்வந்த சிகிஸ்மண்டும் திராக்காயில் கொலையுண்ட சிகிஸ்மண்டும் ஒருவரே என்பது போல எழுதப்பட்டுள்ளது. எழுதியவன் நானே. அவ்வரியை நீக்கி, குறிப்பையும் இவ்வறிக்கையையும் ஏற்றருளுமாறு அவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்