கட்டுரை ஆசிரியர் பட்டியலில் இல்லாதவர்களுக்கு

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

போன வாரம் ஆய்வகத்தைக் காலி செய்து கொடுத்தேன். கடைசி அலமாரியில் நான் எழுதிய கட்டுரைகளின் நகல்கள் தூசி படிந்து கிடந்தன. மருந்தியலிலும் நச்சியலிலும் இத்தனை வருடம் என்னதான் கிழித்தோம் என்று பார்க்க உட்கார்ந்தேன். ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும் அதே வரி: ‘தொழில்நுட்ப உதவி செய்தோருக்கு நன்றி.’ யார் செய்தார், என்ன செய்தார், ஒன்றும் இல்லை. படிக்க எனக்கே கூச்சமாக இருந்தது. பெயர்களை இங்கேயும் போடப் போவதில்லை, உங்களில் பலருக்கு அது பிடிக்காது. செய்ததையாவது சொல்லிவிடுகிறேன்.

என் பிழைப்பே பாரசிட்டமாலும் கல்லீரலும்தான். காய்ச்சலுக்கு எல்லோரும் போடும் அதே மாத்திரை. உள்ளே போனதில் ஒரு சிறு பங்கை கல்லீரலின் சைட்டோகுரோம் நொதிகள், முக்கியமாக 2ஈ1 என்ற நொதி, நச்சுப்பொருளாக மாற்றுகின்றன. அளவோடு சாப்பிட்டால் கல்லீரலில் உள்ள குளூட்டாதயோன் அதைப் பிடித்து வெளியே அனுப்பிவிடும். அளவு மீறினால் குளூட்டாதயோன் தீர்ந்துபோகும், நச்சு செல்லின் புரதங்களில் போய் ஒட்டிக்கொள்ளும். 1970களில் இது தெரியவந்த பிறகுதான் அசிட்டைல்சிஸ்டீன் மாற்றுமருந்தானது. தீர்ந்த குளூட்டாதயோனைக் கல்லீரல் மறுபடி செய்துகொள்ள அது உதவுகிறது.

விலங்குக் கூடத்து அண்ணா, இதையெல்லாம் நான் புத்தகத்தில் படித்திருந்தேன். நீங்கள் கண்ணால் பார்த்தீர்கள். ஒரே மருந்து, ஒரே அளவு, ஆனால் ஒரு வாரம் சுண்டெலிகளின் கல்லீரல் நாசமாகும், அடுத்த வாரம் ஒன்றும் ஆகாது. மாதக்கணக்கில் நான் மருந்தையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் உங்கள் நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினீர்கள். “இந்த எலிங்களுக்கு முந்தின ராத்திரியே தீனி எடுத்தாச்சு சார். அதுங்க காலை வரைக்கும் சாப்பிட்டுச்சு.” அவ்வளவுதான் விஷயம். பட்டினி கிடந்தால் கல்லீரலில் குளூட்டாதயோன் குறைந்துவிடும். அதற்குப் பிறகு வந்த என் கட்டுரைகளில் எத்தனை மணி நேரம் தீனி நிறுத்தப்பட்டது என்று ஒரு வரி இருக்கும். அந்த வரி உங்களுடையது.

கல்லீரல் ஸ்லைடு பார்த்துக் கொடுத்த டாக்டரம்மாவுக்கு: எது எந்தக் குழு என்று நான் வாயெடுத்தாலே, தெரிந்தால் பார்வை ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்று கையைக் காட்டித் தடுப்பீர்கள். அன்று எரிச்சலாக இருந்தது. புள்ளியியல் நண்பருக்கு: சோதனை முடிந்த பிறகு வந்தால் பிரேதப் பரிசோதனைதான் செய்ய முடியும் என்று கடிந்துகொண்டீர்களே, அப்புறம்தான் எத்தனை விலங்கு போதும் என்று முன்கூட்டியே கேட்கப் பழகினேன். பாதி எலிகள் சாகும் அளவைக் கண்டுபிடிக்க எலிகளை வாரியிறைத்த காலத்தில் படித்தவன் நான். அந்தப் பழைய எல்டி50 நெறிமுறை 2002ல் கைவிடப்பட்டது, நல்ல வேளை.

இனி, யாரென்றே தெரியாத ஒருவருக்கு. ஒரு மூலிகைச் சாறு பாரசிட்டமால் நச்சிலிருந்து கல்லீரலைக் காக்கிறது என்று ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தோம். இரண்டாவதை இதழுக்கு அனுப்பியபோது அதன் மதிப்பாய்வாளரான நீங்கள் ஒரே ஒரு கேள்வி எழுதினீர்கள்: சாற்றை டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்திருக்கிறீர்கள், சாறு கொடுக்காமல் ஒப்பிட வைத்திருந்த கன்ட்ரோல் குழுவுக்கு என்ன கொடுத்தீர்கள்? மூன்று நாள் உங்களைத் திட்டிக்கொண்டே திரிந்தேன். நாலாம் நாள் வயிற்றைப் பிசைந்தது. டிஎம்எஸ்ஓவே 2ஈ1 நொதியைத் தடுக்கக்கூடியது. நச்சே உருவாகாவிட்டால் கல்லீரல் நன்றாகத்தானே இருக்கும்? கரைப்பானை மட்டும் கொடுத்து மறுபடி செய்தோம். கல்லீரல் கெட்டால் ரத்தத்தில் ஏறும் எஸ்ஜிபிடி ஏறவே இல்லை. தண்ணீரில் கலக்கிக் கொடுத்த சாறு எதையும் காக்கவில்லை.

அந்தச் சாறுதான் என் மாணவியான உன் ஆய்வேடு, அம்மா. முதல் கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும் என்று உன்னிடம் சொல்ல எனக்கு இரண்டு வாரம் தைரியம் வரவில்லை. தப்பு என்னுடையது. சோதனையை வடிவமைத்தவன் நான், கரைப்பானைக் கவனிக்காமல் விட்டவனும் நான். நீ கேட்டுவிட்டு, “சரி சார், எங்கே கையெழுத்துப் போடணும்?” என்றாய். முனைவர் பட்டம் ஒன்றரை வருடம் தள்ளிப்போனது. ஒரு நாளும் நீ அதைச் சொல்லிக் காட்டவில்லை. கரைப்பானைப் பற்றி நீ எழுதிய கட்டுரையை, ‘எதிர்மறை முடிவு’ என்று ஒதுக்காமல் அச்சிட்ட இதழாசிரியருக்கும் நன்றி. என் பட்டியலில் யாராவது ஒன்றைப் படிக்கக் கேட்டால் அதைத்தான் கொடுக்கிறேன். அதில் முதல் பெயர் உன்னுடையது.

மதிப்பாய்வாளர் அவர்களே, இரண்டாவது கட்டுரையை அவசரமாகத் திரும்ப வாங்கிக்கொண்டதில் உங்கள் கேள்விக்குப் பதில் எழுதவே இல்லை என்பது, நீங்கள் கேள்வி எழுதிய தாளை அலமாரியில் பார்த்தபோதுதான் உறைத்தது. கன்ட்ரோல் குழுவுக்கு வெறும் சலைன், அதாவது உப்புநீர்தான் கொடுத்திருந்தோம்.

நன்றியுடன்,
உங்கள் பழைய சகா